நெடுஞ்சாலைக்கு அடியில் விலங்குகள் கடப்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

கேள்வி இதுதான்: காட்டை ஊடறுத்துப் போகும் நெடுஞ்சாலையில் விலங்குகளுக்கென்று கீழ்ப்பாதை விட்டுக் கட்டுகிறார்களே, அவை அதன் வழியாகத்தான் போகின்றன என்று எப்படித் தெரியும்? நாலு கேமரா மாட்டினால் போதாதா?

போதாது. நாலு கேமரா மாட்டினால் படம் நிறையக் கிடைக்கும், செய்தித்தாளுக்கும் உதவும். தெரிந்துகொள்ள வேண்டியவை வேறு. இந்தப் பக்கம் நுழைந்த விலங்கு அந்தப் பக்கம் வெளியேறியதா? பக்கத்துக் காட்டில் இருந்துகொண்டு இங்கே எட்டியும் பார்க்காத விலங்கு எது? சாலைமேல் அடிபட்டுச் சாவது குறைந்ததா? இந்த மூன்றுக்கும் விடை தரும்படி கேமராவை வைப்பதிலும், கிடைத்ததை எண்ணுவதிலும்தான் வேலையே இருக்கிறது.

இந்தியாவில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகம். அதன் வழியே போவது தேசிய நெடுஞ்சாலை 44. பழைய எண் 7. மதுரை, திருநெல்வேலி தாண்டிக் கன்னியாகுமரிக்கு வருகிற அதே சாலைதான். நான்கு வழிச் சாலையாக அகலப்படுத்தியபோது, நீண்ட வழக்குகளுக்குப் பிறகு, அங்கே ஒன்பது இடங்களில் சாலையைத் தூண்மேல் தூக்கி விலங்குகளுக்கு வழி விட்டார்கள். சிலது விலங்குகளுக்கென்றே கட்டிய கீழ்ப்பாதை, சிலது ஓடைமேல் வரும் சிறு பாலம். சாலைவாக்கில் அளந்தால் மிகச் சிறியது 50 மீட்டர், மிகப் பெரியது 750 மீட்டர். டேராடூனில் உள்ள இந்திய வனவுயிர் நிறுவனம் 2019 மார்ச் முதல் டிசம்பர் வரை 78 தானியங்கிக் கேமராக்களை வைத்துக் கண்காணித்தது. 18 வகைக் காட்டு விலங்குகளின் 5,450 படங்கள் கிடைத்தன. 11 புலிகள் 89 முறை பாதையைப் பயன்படுத்தியிருந்தன.

இதில் 5,450 என்பது படக்கணக்கு; 89 என்பது பயன்பாட்டுக் கணக்கு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசும் கட்டுரைகள் ஏராளம். புள்ளிமான் கூட்டம் ஒன்று பாலத்தடியில் இரவு முழுக்கப் படுத்து அசைபோட்டால் ஒரே கேமராவில் இருநூறு படம் விழும். கடந்தது ஒன்றுகூட இருக்காது.

முதலில் கருவி. இந்தக் கேமராவில் இருப்பது வெப்ப அசைவு உணரி. பின்னணியின் வெப்பத்திலிருந்து மாறுபட்ட ஒரு பரப்பு அதன் முன்னால் நகர்ந்தால்தான் அது விழிக்கும். மத்திய இந்தியாவில் மே மாத மாலையில் தரையும் கான்கிரீட் தூணும் விலங்கின் உடல்மேற்பரப்பு அளவுக்கே சூடேறி இருக்கும். வித்தியாசம் போய்விடுவதால் கண்முன்னே நடந்துபோகும் பன்றியைக்கூடக் கேமரா விட்டுவிடும். பகல் வெயிலில் வெந்த கான்கிரீட் இரவு வெகுநேரம் வரை சூட்டைக் கக்கும் என்பதால் திறந்த காட்டைவிடப் பாலத்தடியில் இந்தச் சிக்கல் அதிகம். கோடையில் பதிவு குறைந்தால் விலங்கு வரவில்லை என்று எழுதிவிடக் கூடாது. உணர்திறனைக் கூட்டி வைத்து, சில கேமராக்களை நிமிடத்துக்கு ஒரு படம் என்று நேரக்கணக்கிலும் ஓடவிட்டு, எவ்வளவு தவறுகிறது என்று ஒப்பிட வேண்டும்.

உணரும் தூரமும் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதுபோல் இராது. கடமான், புலி அளவுக்கு 15 மீட்டர் வரை நம்பலாம். கீரி, முயல் என்றால் ஐந்தாறு மீட்டர் தாண்டினால் அதிர்ஷ்டம்தான். ஆகவே 50 மீட்டர் அகல வாயிலுக்கு இரண்டு ஓரத்தில் இரண்டு கேமரா வைத்தால் நடுவில் போவது எதுவும் பதிவாகாது. தூணுக்குத் தூண் வைக்க வேண்டும். ஒவ்வொரு கேமராவின் முன்னாலும் ஓர் ஆள் முட்டிபோட்டுத் தவழ்ந்து, ஒவ்வொரு மீட்டரிலும் சிவப்பு விளக்கு மின்னுகிறதா என்று பார்த்து எல்லையைக் குறித்துக்கொள்வது நல்ல பழக்கம். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாவிட்டால் பிறகு ஆறு மாதத் தரவு வீணாகும்.

உயரம்: புலி, சிறுத்தை, மான் வகைகளுக்குத் தரையிலிருந்து 40 முதல் 50 சென்டிமீட்டர். அதற்குமேல் வைத்தால் சிறு விலங்கு கீழே தப்பும், கீழே வைத்தால் புல் மறைக்கும். யானை இருக்கும் காட்டில் இந்த உயரத்தில் வைத்த கேமராவை யானை பிடுங்கி மிதித்துவிடும் என்று அனுபவமுள்ள எந்த வேட்டைத்தடுப்புக் காவலரும் சொல்வார். தூணில் போல்ட் போட்ட இரும்புப் பெட்டிக்குள் வைப்பது, அல்லது இரண்டரை மூன்று மீட்டர் உயரத்தில் கீழ்நோக்கிச் சாய்த்து வைப்பது என்று இரண்டு வழி உண்டு. இரண்டாவதில் பூனை வகைகளின் உடலிலுள்ள கோடுகளும் புள்ளிகளும் சரியாகத் தெரியாது.

கோணம் இன்னும் முக்கியம். பாதைக்கு நேர்குறுக்காக வைத்தால் விலங்கு படச் சட்டத்துக்குள் இருப்பது ஒன்றிரண்டு விநாடி. கேமரா விழித்துச் சொடுக்குவதற்குள் வால்தான் மிஞ்சும். பாதையோடு சாய்வாக, வருவதையும் போவதையும் பார்க்கும்படி வைத்தால் திசையும் தெரியும். கடப்பைக் கணக்கிடத் திசை இல்லாத படம் பாதிப் படம். புலி, சிறுத்தையைத் தனித்தனி ஆளாக அடையாளம் காண்பதற்கு மட்டும் எதிரெதிராக இரண்டு கேமரா வேண்டும். புலியின் கோடுகளானாலும் சிறுத்தையின் புள்ளிகளானாலும், இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் வேறு மாதிரி. ஒரு பக்கம் மட்டும் பதிவானால் ஒரே புலியை இரண்டாக எண்ணிவிடுவோம். பெஞ்சில் 11 புலி என்று சொல்ல முடிந்தது கோடுகள் இருப்பதால்தான். பன்றிக்கோ கடமானுக்கோ அப்படி எண்ண வழியில்லை. அவற்றுக்கு எத்தனை முறை என்று மட்டுமே சொல்லலாம், எத்தனை விலங்கு என்று சொல்லக் கூடாது.

இரவு வெளிச்சத்துக்கு அகச்சிவப்பு விளக்கு. 850 நானோமீட்டர் அலைநீள விளக்கு தூரம் எட்டும், ஆனால் மங்கலாகச் சிவந்து தெரியும்; சில விலங்குகள் அதைப் பார்த்துத் தயங்கும். 940 நானோமீட்டரில் அந்தச் சிவப்பு தெரியாது, தூரம் குறையும். நாம் அளப்பதே விலங்கு தயங்குகிறதா இல்லையா என்பதை. எனவே கேமராவே தயக்கத்துக்குக் காரணமாகிவிடக் கூடாது. வாயிலில் 940 வைப்பதே சரி என்பேன், தூரக் குறைவை இன்னொரு கேமரா சேர்த்து ஈடுகட்டலாம்.

கேமராவின் அமைப்பில், ஒருமுறை விழித்தால் மூன்று தொடர் படம், அடுத்த விழிப்புக்கு இடைவெளி பூஜ்யம். முடிந்தால் வாயில்களில் மட்டும் 15 விநாடி வீடியோ. எட்டு அல்லது பன்னிரண்டு பேட்டரி போடும் கேமராவில் சாதாரண ஆல்கலைன் போட்டால் மின்னழுத்தம் மெதுவாக இறங்கும். பகல் படம் நன்றாக வந்துகொண்டே இருக்க, இரவு வெளிச்சத்தின் எட்டு தூரம் சத்தமில்லாமல் சுருங்கும். இரவு விலங்குகள் குறைந்துவிட்டன என்ற பொய்யான முடிவு இங்கிருந்துதான் பிறக்கிறது. லித்தியம் விலை அதிகம், ஆனால் கடைசி வரை ஒரே அளவில் நிற்கும். நினைவட்டையைக் கணினியில் வெறுமனே அழிக்காமல் கேமராவிலேயே ஃபார்மட் செய்ய வேண்டும்.

கடிகாரம் தனிக் கதை. பேட்டரி மாற்றும்போது தேதி தொழிற்சாலை நாளுக்குத் திரும்பிவிடும். காலை மாலை மாறிப்போகும். இரண்டு வாயிலிலும் உள்ள கேமராக்களின் நேரம் ஒத்துப்போகாவிட்டால் ‘நுழைந்தது, வெளியேறியது’ என்ற கணக்கே போட முடியாது. ஒவ்வொரு முறை கேமராவைத் தொடும்போதும் ஒரு பலகையில் இடத்தின் எண், தேதி, கைபேசியில் பார்த்த நேரம் எழுதிக் கேமரா முன் காட்டி ஒரு படம் எடுத்துவிட்டால், பிறகு எவ்வளவு பிசகியிருந்தாலும் திருத்திக்கொள்ளலாம்.

காற்றில் ஆடும் புல், எறும்புப் புற்று, கண்ணாடிமேல் சிலந்திவலை, சாலையோரம் என்றால் வாகன முகப்பு விளக்கு எல்லாம் வெற்றுப் படங்களைக் குவிக்கும். பத்து நாளில் அட்டை நிரம்பி, மாதக் கடைசியில் போய்ப் பார்த்தால் இருபது நாள் எதுவும் இல்லை. எனவே முதல் வாரத்திலேயே ஒருமுறை போய்ப் பார்த்து, முன்னால் உள்ள புல்லை மூன்று நான்கு மீட்டருக்கு அரிந்துவிட வேண்டும். மழைக்காலத்தில் ஓடைப் பாலங்களில் கேமரா வெள்ளமட்டத்துக்கு மேலே போக வேண்டும். அதோடு எத்தனை நாள் பாதை முழுக்கத் தண்ணீராக இருந்தது என்பதையும் தனியாகக் குறிக்க வேண்டும், ஏனெனில் அந்த நாட்களில் அது பாதையே அல்ல.

கேமராவை மட்டுமே நம்பக் கூடாது என்பதால் தடப்படுக்கையும் போடுவார்கள். பழைய முறைதான், இன்றும் மலிவானது. பாதையின் முழு அகலத்துக்கும் குறுக்கே, ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் அகலத்தில், சலித்த மென்மண்ணை இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி வாரியால் சமன்செய்வது. அரை மீட்டரில் போட்டால் கடமான் ஒரே எட்டில் தாண்டிவிடும். வெறும் மணல் உலர்ந்ததும் தடம் சரிந்துவிடும். கொஞ்சம் களிமண் கலந்தால் விளிம்பு நிற்கும். காலையில் வெயில் சாய்வாக விழும்போது பார்த்து, இனம், திசை, எண்ணிக்கை குறித்துவிட்டு மறுபடி வாரிவிட வேண்டும். மூன்று நாள் விட்டால் மேய்ச்சல் மாட்டின் குளம்பு எல்லாவற்றையும் அழித்திருக்கும். கேமராவும் படுக்கையும் ஒரே இடத்தில் ஒரு மாதம் ஓடினால், தடம் இருந்தும் படம் இல்லாத கடப்புகள் எத்தனை என்று தெரியும். அதுதான் கேமராவின் தவறும் விகிதம்; அந்த விகிதம் இல்லாத அறிக்கையின் எண்களைக் கொஞ்சம் தள்ளியே வைத்துப் படிப்பது நல்லது.

கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் 1996-இல் இந்த வேலை முக்கியமாகத் தடப்படுக்கையை வைத்தே தொடங்கியது. கேமரா பிறகு வந்தது. அங்கே கரடிகளை ஆள் பிரித்து அறிய இன்னொரு உத்தி கையாண்டார்கள்: பாதைக்குக் குறுக்கே தாழ்வாக இரண்டு இழை முள்கம்பி. கடந்துபோகும் கரடியின் ரோமம் முள்ளில் சிக்கும். அதன் மரபணுவை வைத்து ஆணா பெண்ணா, எந்தக் கரடி என்று சொல்லிவிடலாம். ஆண்கள் மட்டும் கடந்து பெண்கள் கடக்காவிட்டால் இரண்டு பக்கக் கூட்டமும் ஒன்றாகாது என்பதால், இது படம் தராத செய்தி. இங்கே அதைச் செய்யத் துணிய மாட்டார்கள், மான் கூட்டம் வெருண்டு ஓடும் இடத்தில் முள்கம்பி ஆபத்து. புதிய எச்சத்தைச் சேகரித்து மரபணு பார்ப்பதே நமக்குப் பொருந்தும்.

இனி எண்ணும் முறை. ஒரே இனம் ஒரே கேமராவில் அரை மணி நேரத்துக்குள் மறுபடி விழுந்தால் ஒரே நிகழ்வு என்று கொள்வது பொது வழக்கம். தனித்துத் திரியும் விலங்குக்கு இது சரி. கூட்டத்துக்கு, அந்த அரை மணியில் ஒரே சட்டத்தில் தெரிந்த மிகுதியான எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு முடிவு: கடந்தது, தங்கியது, திரும்பியது, தெரியவில்லை. ஒரு வாயிலில் உள்நோக்கியும் மறு வாயிலில் வெளிநோக்கியும் பதிவானால் மட்டுமே ‘கடந்தது’. ‘தெரியவில்லை’ என்ற பெட்டியை நிரப்ப வெட்கப்படக் கூடாது. அதைக் கடப்போடு சேர்ப்பதுதான் தவறு.

‘திரும்பியது’ தான் எனக்குப் பிடித்த பெட்டி. வாயிலுக்கு இருபது முப்பது மீட்டர் வெளியே காட்டுப்பக்கம் வைத்த வீடியோவில், விலங்கு வந்து நின்று, காது விறைத்து, லாரி ஹாரன் அடித்ததும் திரும்பிப் போவது தெரியும். வாயிலில் மட்டும் கேமரா வைத்தவர்களுக்கு அந்த விலங்கு வந்ததே தெரியாது. பெஞ்சில் சாலையோரம் ஒளியும் ஒலியும் தடுக்கும் சுவர்கள் வைத்திருக்கிறார்கள்; அவை வேலை செய்கின்றனவா என்பதற்கு டெசிபல் அளவைவிட நேரான சான்று திரும்பும் விகிதம்தான்.

ஒப்பிட வேண்டுமானால் உழைப்பைச் சமன்செய்ய வேண்டும். அலகு, நூறு கேமரா இரவுக்கு எத்தனை நிகழ்வு என்பது. உதாரணமாக, ஆறு கேமரா முப்பது நாள் இருந்தால் 180 இரவு. அதில் இரண்டு கேமரா தலா பத்து இரவு செத்துக் கிடந்தால் மிஞ்சுவது 160. அதில் 24 புள்ளிமான் கடப்பு என்றால் நூறு இரவுக்கு 15. கெட்டுப்போன இரவுகளைக் கழிக்காவிட்டால் 13.3 என்று வரும். வெவ்வேறு பாதைகளில் கேமரா வெவ்வேறு அளவில் கெடும்போது இந்தச் சிறு பிழை தரவரிசையையே தலைகீழாக்கும். 50 மீட்டர் வாயிலையும் 750 மீட்டர் வாயிலையும் ஒப்பிடும்போது கேமரா பார்க்கும் மொத்த அகலம் எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதற்கும் மேலே ஒன்று. பாதையில் புள்ளிமான் அதிகம் என்றால், காட்டிலேயே புள்ளிமான்தானே அதிகம்? பெஞ்சிலும் படங்களில் பாதிக்கு மேல் அதுதான். சாலையிலிருந்து சில நூறு மீட்டர் உள்ளே தள்ளி, அதே காலத்தில், இன்னொரு தொகுதிக் கேமரா வைத்து ஒவ்வொரு இனமும் காட்டில் எவ்வளவு, பாதையில் எவ்வளவு என்று விகிதம் போட வேண்டும். காட்டில் அடிக்கடி தென்பட்டுப் பாதையில் காணாமல் போகும் இனம்தான் பாதையின் குறையைச் சொல்லும். பான்ஃபில் இப்படிப் பார்த்தபோதுதான் கிரிஸ்லி கரடி, எல்க், மூஸ் (பின்னிரண்டும் பெரிய மான் வகைகள்) ஆகியவை உயர்ந்து அகன்று திறந்த பாதைகளையும், கருங்கரடியும் பூமா என்ற பெரிய பூனையும் குறுகிய பாதைகளையும் நாடுவது தெரிந்தது. ஒரே அளவில் பத்துப் பாதை கட்டினால் சில இனங்களுக்கு மட்டுமே கட்டியதாகும்.

மனித நடமாட்டத்தை விட்டுவிட்டு எந்த ஆய்வும் முழுமையாகாது. விறகுக்குப் போகிறவர்கள், மாடு, பைக், அவர்கள் பின்னால் வரும் நாய் எல்லாவற்றையும் நேரத்தோடு பதிய வேண்டும். பகலில் ஆள் போகும் பாதையில் விலங்கு இரவுக்கு மாறிக்கொள்ளும். இரவிலும் போனால் வராமலே விட்டுவிடும். ஆனால் ஊர்க்காரர்கள் முகம் பதிவான படங்களை எண்ணிவிட்டு அழித்துவிட வேண்டும். கேமரா வைக்குமுன் கிராமத்தில் சொல்லிவிட்டால் திருட்டு பாதி குறையும். உள்ளூர் மொழியில் ஒரு அறிவிப்பும் ஒட்டலாம். காப்பகத்துக்குள் என்றால் மாநிலத் தலைமை வனவுயிரினக் காப்பாளரின் அனுமதி இல்லாமல் எதையும் மாட்டக் கூடாது.

லட்சக்கணக்கில் குவியும் படங்களைக் கண்ணால் பிரிப்பது இப்போது தேவையில்லை. மெகாடிடெக்டர் போன்ற மென்பொருள் விலங்கு, மனிதர், வாகனம் என்று பிரித்துத் தரும். இனத்தை ஆள்தான் பார்க்க வேண்டும். மென்பொருள் ‘வெற்று’ என்று ஒதுக்கிய படங்களில் சில நூறை எடுத்துக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மற்றதை நம்ப வேண்டும். ஊர்க்காரர்கள் முகம் பதிவானவை தவிர, மூலப் படங்களை அழிக்க வேண்டாம்.

சாலைமேல் நடக்கும் கணக்கும் கூடவே ஓட வேண்டும். விடியற்காலையில், காகமும் நாயும் வருமுன், மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மிகாமல் ஓட்டி, அடிபட்டவற்றைப் புவியிடக் குறிப்போடு எழுதுவது. தவளை, பாம்பு, அணில் உடல்கள் சில மணி நேரத்தில் மறைந்துவிடும். எனவே வண்டியில் போய் எண்ணியது எப்போதும் குறைவான எண். சில பகுதிகளை நடந்தும் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கு சாலை விரிவாக்கத்துக்கு முன்பே தொடங்கியிருந்தால்தான் பயன். நம் நாட்டில் பெரும்பாலும் பாலம் திறந்த பிறகுதான் கேமராவுக்குப் பணம் ஒதுக்குகிறார்கள், ஒப்பிட ‘முன்பு’ என்பதே இருப்பதில்லை. பான்ஃபில் வேலியும் பாதைகளும் சேர்ந்து வாகன மோதலை 80 விழுக்காட்டுக்கு மேல் குறைத்தன என்று சொல்ல முடிவது முந்தைய பதிவு இருந்ததால்தான். வேலியை மறக்கக் கூடாது. வேலியில் எங்கே ஓட்டை, அது முடியும் எந்த இடத்தில் விலங்கு சாலையில் ஏறுகிறது என்பதை மாதம் ஒருமுறை நடந்து பார்ப்பதும் கண்காணிப்பின் பகுதியே.

யானைக்கு வரும்போது அளக்கும் முறை மாறுகிறது. கோவை மதுக்கரை வனச்சரகத்தில் யானைகள் கடக்க ரயில் பாதைக்கு அடியில் கீழ்ப்பாதைகள் கட்டப்பட்டுள்ளன. அதே பகுதியில் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு வனத்துறை 12 கோபுரங்களில் 24 கேமராக்களோடு செயற்கை நுண்ணறிவு எச்சரிக்கை அமைப்பைத் தொடங்கியது. வெப்பப் படமும் எடுப்பதால் இருட்டிலும் தூரத்து யானை தெரியும். அதன் நோக்கம் ரயில் ஓட்டுநரை எச்சரிப்பது. ஆனால் தண்டவாளத்தின் மேலே எத்தனை முறை கடந்தன என்ற பதிவு அதில் சேர்ந்துகொண்டே இருக்கும். கீழ்ப்பாதையில் எத்தனை என்பதை அதன் பக்கத்தில் வைத்தால், யானைகள் வழியை மாற்றிக்கொள்ளும் வேகம் மாதாமாதம் தெரியும். பாதைக்குள் மட்டும் கேமரா வைத்து இந்த விகிதத்தைப் பெற முடியாது.

தவளை, ஆமை, பாம்புக்கு வெப்ப உணரி அநேகமாகப் பயன்படாது, அவற்றின் உடல் சூடும் தரையின் சூடும் ஒன்றே. சிறு குழாய்ப் பாதைகளில் நேரக்கணக்கில் சொடுக்கும் கேமராவை மேலிருந்து கீழ்நோக்கி வைப்பார்கள். அல்லது வழிகாட்டித் தடுப்பின் முடிவில் மண்ணில் வாளி புதைத்து, விடியும்முன் பார்த்து எண்ணி விட்டுவிடுவார்கள். வாளியை வெயில் ஏறும்வரை விட்டால் உள்ளே இருப்பது செத்துவிடும்.

மரங்களில் வாழ்வனவற்றுக்கு, வால்பாறை புதுத்தோட்டத்தில் சோலைமந்திகளுக்குச் சாலைக்கு மேலே கட்டியிருப்பது போன்ற தொங்குபாலங்களில், இரண்டு முனையிலும் பாலத்தின் நீளவாக்கில் பார்க்கும்படி கேமரா வைக்க வேண்டும். பாலத்திலேயே கட்டினால் ஆட்டத்தில் படம் வீணாகும். குரங்கு கேமராவைப் பிய்த்துவிடும், அதற்கும் இரும்புப் பெட்டிதான். கீழே சாலையில் இறங்கிக் கடக்கும் மந்திகளை ஆள் நின்று எண்ணி இதோடு சேர்க்க வேண்டும்.

எத்தனை காலம் என்று கேட்டால், ஒரு வருடம் என்பது பருவங்களை ஒருமுறை பார்த்ததற்கு மட்டும் சமம். பான்ஃபில் எல்க் மான்கள் கட்டுமானம் முடியுமுன்பே பாதையில் நடக்கத் தொடங்கின. கிரிஸ்லி கரடிகள் பழக ஐந்து ஆண்டு வரை எடுத்துக்கொண்டன. இரண்டாம் ஆண்டிலேயே தீர்ப்பு எழுதியிருந்தால் கரடிக்கு இந்தப் பாதை வீண் என்று கோப்பை மூடியிருப்பார்கள்.